பாடம் சொன்ன பெருந்தகை

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் தலபுராணங்கள் பலவற்றைப் பாடிய பெரும்புலவர் என்பதைத் தமிழ் பயிலும் நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர் கவித்துவமன்று. அவர் பாடம் சொன்ன முறையே.

1815ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். அவரையும் இளமையிலேயே இழந்தார். சுவடி வைத்திருப்போர் அதனைப் பிறர் கண்ணிற் காட்டவும் தயங்கிய காலம் அது. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் வீடு வீடாகப் பிச்சைக்குச் செல்ல, அவர் பின்னாலேயே நடந்து, அவர் விரும்பிய கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்து அந்நூலைப் பாடம் கேட்டாராம்! இவ்வாறு அலைந்து கற்றதனாலேதான், தம்மை நாடி வந்தவரிடம் கைம்மாறு கருதாமல் கற்பித்தார் என்று நான் எண்ணுகிறேன். கடன் சுமை தம்மை அழுத்தியபோதும் மாணவரை விலக்கியவரல்லர்.

அவரிடம் வந்தோர்தாம் எத்தனை வகையினர்! பூவாளூர்த் தியாகராச செட்டியார், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை, திருவாவடுதுறை மடத்துத் தம்பிரான்கள், அந்தண குலத்துச் சாமிநாதையர். ஒருவர் காவியம் கேட்கும் நிலையினர். மற்றொருவர் அந்தாதியில் தொடங்க வேண்டியவர். அவரவர் தகுதிக்கேற்ற நூலை அவரவர்க்குச் சொன்னார். பிறருடன் உண்ண இயலாத அக்கால வழக்கையும் மதித்து, சாமிநாதையருக்கு உணவு ஏற்பாடு வேறாக அமைத்தார்.

1871இல் சாமிநாதையர் மாயூரத்திற்கு வந்தபோது அவருக்கு வயது 16. பெரும்புலவரிடமே நேரில் கற்கலாம் என்ற ஆசையுடன் வந்தவரை, நைடதத்தைச் சவேரிநாத பிள்ளையிடம் கேட்குமாறு பணித்தார் ஆசிரியர். இவ்விடத்தைப் படித்தபோது என் முதலாண்டு நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பாடம் ஒன்றும் விளங்காமல் கடைசி வரிசையில் விழித்துக் கொண்டிருந்த என்னை, மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் மாலைதோறும் படிக்கச் சொன்னார் எங்கள் பேராசிரியர். தள்ளிவிட்டார் என்றே நினைத்தேன். மூன்று நாள் போகவுமில்லை.

சாமிநாதையர் என்னினும் கெட்டிக்காரர்! ஆசிரியர் நாள்தோறும் காலையில் தோட்டத்து மரங்களில் புதுத் தளிர் கண்டு மகிழ்வதைக் கவனித்தார். முன்னதாகவே எழுந்து தளிர் விட்ட இடங்களைத் தேடி வைத்துக் காட்டினார். தயை பிறந்தது, நேரிற் பாடம் கேட்கும் பேறும் கிடைத்தது. எனினும் சவேரிநாத பிள்ளையுடன் ஏற்பட்ட நட்பு பின்னும் குறையவில்லை.

குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதைப் பிள்ளையவர்கள் விரும்பவில்லை; அப்பயிற்சி நின்றது. ஒரு மாணவனுக்கு இரண்டு நாட்டம் இருக்கலாகாதா? எழுத்தே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கோ பெண்களுக்கோ அவர் வீட்டுப் பாடம் எட்டவில்லை. என் பாட்டனாரின் பாட்டனார் அன்று மாயூரத்துத் தெருவில் நடந்திருந்தாலும் அந்த வாயிலில் ஏறியிருக்க முடியாது. அதையும் எண்ணியபடியேதான் இவ்வரலாற்றைப் படித்தேன்.

1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் மறைந்தார். அவ்வேளையில் அவரைத் தம் மார்பிற் சாய்த்துக் கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகம் ஓதியவர் சாமிநாதையர். நான்காண்டு கழித்து, 1880இல், கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்த தமிழாசிரியர் பதவி சாமிநாதையருக்கு வந்தது. தம் ஆசிரியரின் வரலாற்றை அவர் இரு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

இவ்வாண்டு முதலாண்டு மாணவர் ஒருவரை என்னிடம் படிக்க அனுப்பியிருக்கிறார் அதே பேராசிரியர். முதல் வாரம் அவர் முகமும் வாடித்தான் இருந்தது. நான்காம் நாள் விடுதி அறைக்குச் சென்று நானே அழைத்து வந்தேன்.