ஓஷானசியும் உவர்நீர் மருத்துவமும்

மருத்துவமனைக்குச் சென்றோர் யாவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. நோயாளியின் கட்டிலருகே கம்பி ஒன்று நிற்கும். அதில் தெளிந்த நீர் நிறைந்த புட்டியோ பையோ தலைகீழாகத் தொங்கும். அந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மெல்லிய குழாய் வழியே நோயாளியின் குருதியிற் சென்று கலக்கும். இதனை மக்கள் சலைன் ஏற்றுதல் என வழங்குவர். நூறு மில்லி லிட்டர் தூய நீரில் 0.9 கிராம் உப்பைக் கரைத்தால் கிடைக்கும் உவர்நீரே அது. இத்துணை எளிய பொருள் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகின்றது. இம்மருத்துவத்திற்கு அடிகோலியவர் வில்லியம் புரூக் ஓஷானசி என்னும் அறிஞர் ஆவர்.

பிறப்பும் கல்வியும்

ஓஷானசி அயர்லாந்து நாட்டு லிமரிக் நகரில் 1809ஆம் ஆண்டு பிறந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1829இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகரை அடைந்தார். ஆங்கு மருத்துவத் தொழில் புரிதற்கு அந்நகரத்து மருத்துவக் கழகத்தின் இசைவு வேண்டியிருந்தது. அது அவருக்கு வாய்க்கவில்லை. தம்மையொத்த இளைஞர் பலர் சோர்ந்து போகும் அந்நிலையில் அவர் சோரவில்லை. நஞ்சுகளையும் குருதியையும் வேதியியல் முறையில் ஆராயும் பணியை மேற்கொண்டார். மூடப்பட்ட வாயிலே அவருக்குப் புதியதொரு வழியைக் காட்டியது எனலாம்.

கொள்ளை நோய்

1831ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காலரா என்னும் கொள்ளை நோய் இங்கிலாந்தின் வடபாலுள்ள சண்டர்லாந்துத் துறைமுகத்தில் தோன்றியது. காலையில் நலமாய் இருந்தவர் மாலைக்குள் மாண்டனர். ஓயாத வாந்தியும் கழிச்சலும் உடலை வற்றச் செய்தன, கண்கள் குழிந்தன, தோல் நீலம் பாரித்தது, நாடி ஒடுங்கியது. அந்நாளைய மருத்துவர் பலர், அந்நிலையிலும் நோயாளியின் குருதியை வடித்து வெளியேற்றினர். மேலும் கழியச் செய்யும் மருந்துகளையும் ஊட்டினர். வற்றிய குளத்தின் கரையை வெட்டிவிடுதல் போன்றது அச்செயல். ஆயினும் அதன் தீங்கை எவரும் அறிந்திலர்.

இருபத்திரண்டு அகவையினரான ஓஷானசி சண்டர்லாந்துக்கு விரைந்தார். நோயைக் கண்டு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடிய காலத்தில், அவர் நோயுற்றோரை நாடிச் சென்றார். அவர்தம் குருதியைச் சோதித்தார். அது நீர் வற்றித் தார் போலக் கெட்டியாகியிருந்தது. இயல்பாக இருக்கவேண்டிய உப்புகளும் காரமும் குறைந்திருந்தன. அங்ஙனம் குறைந்தவையே கழிச்சலில் மிகுந்திருத்தலையும் கண்டார். ஆகவே உடல் இழந்த நீரையும் உப்பையும் மீண்டும் குருதிக்கு ஈதலே தக்கதென அவர் தெளிந்தார். நாய் ஒன்றின் குருதியில் உப்புக் கரைசலைச் செலுத்தி, அதனால் ஊறு நேராமையையும் அவர் முன்னரே சோதித்து அறிந்திருந்தார். தம் முடிவுகளை 1831ஆம் ஆண்டின் இறுதியிலும் 1832இலும் வெளியிட்டார்.

இலாட்டாவின் துணிவு

ஓஷானசி உரைத்ததை மனிதரிடத்துச் செய்து காட்டியவர் தாமஸ் இலாட்டா என்பவர். இவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர். 1832ஆம் ஆண்டு மே திங்களில், இறக்கும் நிலையிற் கிடந்த முதியவள் ஒருத்தியின் குருதிக்குழாயில் அவர் உவர்நீரைச் செலுத்தினார். சிறிது சிறிதாக ஆறு பைண்டு நீர் சென்றதும் ஒடுங்கிய நாடி எழுந்தது, குளிர்ந்த உடல் வெம்மையுற்றது, முகம் தெளிந்தது. பிழைத்தாள் என்று கருதி இலாட்டா அவளைப் பிறரிடம் ஒப்படைத்துச் சென்றார். ஆனால் கழிச்சல் மீண்டது. நீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அவள் உயிர் நீத்தாள். உடல் இழக்குந்தோறும் ஈடு செய்தல் வேண்டும் என்பதை அச்சாவு உணர்த்தியது. பின்னர் நோயாளி ஒருவர்க்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் 330 அவுன்சு நீர் செலுத்தப்பட்டது; அவர் பிழைத்தெழுந்தார்.

எனினும் இம்முறை நிலைபெறவில்லை. பிழையார் என்று கைவிடப்பட்டவர்க்கே அது பெரும்பாலும் செய்யப்பட்டது. நீரையும் கருவியையும் கொதிக்கவைத்துத் தூய்மை செய்தல் வேண்டும் என்பதையும் அக்காலத்தார் அறியார். இலாட்டா 1833இல் மறைந்தார். கொள்ளை நோயும் தணிந்தது. நோய் நீங்கியதும் அதன் மருந்தை உலகம் மறந்தது.

இந்தியாவில் ஆற்றிய பணி

1833இல் ஓஷானசி கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வங்காளம் வந்தார். 1835இல் தொடங்கப்பெற்ற கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியற் பேராசிரியர் ஆனார். இந்நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து மருந்து நூல்கள் இயற்றினார். வெறிநாய்க்கடியால் துன்புற்ற ஒருவர்க்குக் கஞ்சாவிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்தபோது வேதனை தணிந்தது, நோயோ தீரவில்லை. இவ்விரண்டையும் மறையாது எழுதினார். நோயை நீக்குதல் வேறு, துன்பத்தைத் தணித்தல் வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மின்னாற்றலிலும் அவர் உள்ளம் ஈடுபட்டது. 1839இல் கல்கத்தாவின் அருகே இருபது மைலுக்கு மேற்பட்ட கம்பி அமைத்துத் தந்திச் சோதனை நிகழ்த்தினார். பின்பு டல்ஹௌசிப் பிரபுவின் ஆதரவு பெற்று நாடெங்கும் தந்திக் கம்பிகளை நிறுவினார். 1855ஆம் ஆண்டில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்தியால் இணைக்கப்பெற்றன. 2013ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் நடைபெற்ற தந்திப் பணிக்கு வித்திட்டவர் இம்மருத்துவரே. 1856இல் அவர் சர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 1889ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்திலுள்ள சௌத்சீயில் காலமானார்.

விதை விளைந்தமை

ஓஷானசி இட்ட விதை காலந்தாழ்ந்தே விளைந்தது. சிட்னி ரிங்கர் என்பார் 1880க்குப் பின் தவளையின் இதயத்தைக்கொண்டு ஆராய்ந்து, அது இயங்க எவ்வெவ்வுப்பு எவ்வளவு வேண்டும் என்று வரையறுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டு ராஜர்ஸ், உப்பின் அளவை மிகுத்த நீரைக் கல்கத்தாவில் காலரா நோயாளிகட்கு ஏற்றினார்; இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஓஷானசி பேராசிரியராய் இருந்த அந்நகரிலேயே அவர் கருத்து வெற்றி கண்டமை எண்ணி மகிழத்தக்கது. 1971இல் வங்க அகதிகள் முகாமில் புட்டிகள் தீர்ந்தபோது, திலீப் மகலானபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் பல்லாயிரவரைக் காத்தார்.

இன்று கழிச்சல் நோயினர்க்கு மட்டுமன்றி, அறுவை மருத்துவம் பெறுவோர்க்கும், நெடுநாள் நோயால் நீர் பருகவும் இயலாது நலிவோர்க்கும் உவர்நீர் ஏற்றப்படுகின்றது. அது பலர்க்குத் தளர்ச்சியையும் தலைச்சுற்றலையும் தணிக்கும். ஆயினும் நோயின் வேரை அறுக்காது. அளவு மிகின் இதயம் பழுதுற்றார்க்கு மூச்சுத் திணறலை விளைவிக்கும். ஆதலின் மருத்துவர் ஆராய்ந்து கூறிய வழியன்றி அதனை விரும்பிக் கேட்டல் தகாது.

நோயின் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியை அறியாமலே அதன்வழி நின்றவர் ஓஷானசி. தாம் கண்ட உண்மையின் பயனை அவர் தம் வாழ்நாளில் முழுதும் காணவில்லை. ஆயினும் உண்மை அழியவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்று, இன்று கட்டில்தோறும் துளித்துளியாய் இறங்கிக்கொண்டிருக்கின்றது.