எண்ணே கண்ணாக வாழ்ந்தவர்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றுவது தமிழர் மரபு. முகத்துக் கண்கள் ஒளியிழந்த பின்னரும், எண் என்னும் கண்ணின் துணையாலேயே உலகு வியக்க வாழ்ந்தவர் லியோனார்டு ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர்.

ஆய்லர் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேசல் நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு. தம் மைந்தரும் அப்பணியையே மேற்கொள்ள வேண்டுமென விரும்பினார். ஆயின், யோகான் பெர்னூலி என்னும் கணித ஆசிரியர் இளைஞரின் மதிநுட்பத்தை எடுத்துரைக்கவே, தந்தையார் மனம் இசைந்தார். 1727இல் ஆய்லர் ருஷ்ய நாட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியற் கழகத்தில் பணியேற்றார்.

1729இல் கோல்டுபாக் என்னும் நண்பர் அவருக்கு வினாவொன்றை எழுதி விடுத்தார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் பெர்மா என்பார் 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்வரிசையை ஆராய்ந்தார். இவ்வரிசையில் ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவ்வைந்தும் பகா எண்கள். அஃதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. ஆதலின், இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே எனப் பெர்மா நம்பினார். ஆறாம் எண் 4,29,49,67,297. அதுவும் பகா எண்தானோ?

பெரியோர் கூற்றாயிற்றே என்று ஆய்லர் வாளா அமைந்திலர். 1732இல், அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். ஈவு 67,00,417. மாணவர்கள் இவ்விரண்டையும் பெருக்கித் தாமே கண்டு தெளியலாம். அவ்வெண்ணை வகுக்கும் எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் 1 எஞ்சும் என்பதையும் அவர் பின்னாளில் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில், ஐந்தாம் முயற்சியிலேயே விடை கைகூடுகின்றது! ஐந்து எண்களிற் பொருந்திய கருத்து ஆறாவதிற் பொய்த்தது.

1738ஆம் ஆண்டளவில் ஆய்லரின் வலக்கண் பழுதுற்றது. 1741இல் பெர்லின் சென்ற அவர், 1766இல் பீட்டர்ஸ்பர்க் நகருக்கே மீண்டார். பின்னர் இடக்கண்ணும் ஒளி குன்றிற்று. 1771இல் தீப்பற்றி அவரது இல்லம் எரிந்தது. ஒருவர் அவரைச் சுமந்து வெளிக்கொணர்ந்து காத்தார். இத்தனை இடுக்கணிலும் அவர் உள்ளம் தளர்ந்திலது. நெடிய கணக்குகளை மனத்திலேயே முடித்து, மைந்தரும் மாணாக்கரும் எழுதிக்கொள்ளச் சொல்லிவந்தார். 1772இல், 2,14,74,83,647 ஒரு பகா எண்ணே என்று நிறுவினார். அதன்பின் நெடுங்காலம், அதனினும் பெரிய பகா எண்ணை எவரும் கண்டறிந்திலர்.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் இயக்கத்தைப் பற்றி உரையாடிய அன்றே அவர் உயிர் நீத்தார்.

ஆய்லரின் கணக்கினால் பெர்மாவின் பெருமை குறைந்துவிடவில்லை. இன்றும் அறிஞர் அவர் பெயராலேயே அவ்வரிசையை வழங்குகின்றனர். ஆயினும், சான்றோர் சொல்லையும் ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமை என்பதை அப்பத்திலக்க எண் நமக்கு உணர்த்துகின்றது.