வள்ளலாருக்கு ஏன் ஒரு போட்டோ கூட இல்லை?

கூகுளில் வள்ளலார் என்று தேடிப் பாருங்க. வெள்ளை ஆடையைத் தலையோடு போர்த்திய உருவம் வரிசையாக வரும். அதில் ஒன்றுகூட கேமராவில் எடுத்தது இல்லை. எல்லாமே ஓவியர்கள் வரைந்தது.

இத்தனைக்கும் அவர் காலத்திலேயே சென்னைக்கு கேமரா வந்துவிட்டது. சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்த ராமலிங்கம், வளர்ந்தது சென்னையில். முப்பது வயதைத் தாண்டியபின் ஊர்ப்பக்கம் திரும்பி, கருங்குழியில் தங்கினார். 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையல, சாப்பாடும் நிற்கல.

அவரைப் படம்பிடிக்க முயன்றவர் சென்னை போட்டோகிராபர் மாசிலாமணி முதலியார். எட்டு முறை எடுத்தும் வெள்ளைத் துணி மட்டுமே விழுந்தது, முகமும் உடம்பும் விழவில்லை என்பது அன்பர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அவர் உடம்பு ஒளியாக மாறியிருந்தது என்பது சன்மார்க்கத்தாரின் நம்பிக்கை.

அந்தக் கால கேமராவையும் கொஞ்சம் பார்க்கணும். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுக்க வேண்டும். சில விநாடிகள் அசையாமல் இருக்கணும். அந்த ரசாயனம் நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்பு, மஞ்சள் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் மாநிற முகம் கறுத்துப்போகும், வெள்ளைத் துணி பளிச்சென்று எரியும். முக்காடு நிழலும் சேர்ந்தால் முகம் காணாமலே போகலாம்.

ஆனால் ஒரு கேள்வி இடிக்குது. தினமும் நம்மூர் முகங்களை எடுத்த தொழில்காரருக்கு இது தெரியாதா? அதுவும் எட்டு தடவையா? அந்தத் தகடு ஒன்றாவது கிடைக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

உருவத்தில் அவருக்கே விருப்பம் இல்லை என்பதற்கு இன்னொரு கதை உண்டு. பண்ருட்டி குயவர் ஒருவர் அவரைப் போலவே மண்ணில் பொம்மை செய்து கொண்டுவந்தாராம். பொன்னான மேனி மண்ணாகிவிட்டதே என்று அதைக் கீழே போட்டு உடைத்துவிட்டாராம். 1872-ல் தொடங்கிய சத்திய ஞான சபையிலும் சிலை இல்லை. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கினால் தெரிவது ஜோதி மட்டும்தான்.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. 1906-ல் வந்த தென்னாற்காடு கெசட்டியரும் இதைக் குறித்து வைத்திருக்கிறது.