ஆக்னஸ் மக்ஃபெய்ல்: கிராமத்துக்கும் மாநாட்டுக்கும் இடையே ஒரு வாழ்க்கை

கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோ பகுதியில், ஆக்னஸ் மக்ஃபெய்லின் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளிக்கூடம் ஒன்று உள்ளது. கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். 2017ஆம் ஆண்டு வெளியான சிறப்பு 10 டாலர் நோட்டிலும் அவரது உருவம் இடம்பெற்றது.

ஆனால் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது பெண்கள் அமைப்பு அல்ல, விவசாயிகளின் அமைப்பு.

ஒன்டாரியோ மாகாணத்தின் கிரே வட்டாரத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1890 மார்ச் 24ஆம் தேதி அவர் பிறந்தார். கிராமப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணிபுரிந்தபோது, 1914இல் டொராண்டோவில் தோன்றிய ஒன்டாரியோ ஐக்கிய விவசாயிகள் அமைப்பால் ஈர்க்கப்பட்டார்.

நகரத் தொழிற்சாலைகளைப் பாதுகாப்பதற்கான இறக்குமதி வரிகளால் வேளாண் இயந்திரங்களின் விலை உயர்ந்திருந்தது. விவசாயிகளின் விளைபொருளுக்கோ அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை. இளைஞர்கள் கிராமங்களை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். இந்த அதிருப்தியே 1919இல், தொழிலாளர் பிரதிநிதிகளின் ஆதரவுடன், விவசாயிகளை ஒன்டாரியோவின் ஆட்சியில் அமர்த்தியது.

1921இல் தென்கிழக்கு கிரே தொகுதிக்கான வேட்பாளர் தேர்வு மாநாட்டில், ஆண் போட்டியாளர்களைப் பின்தள்ளி மக்ஃபெய்ல் தெரிவானார். பெண் ஒருவர் வேட்பாளராவதற்கு எதிர்ப்பு எழுந்தது. விலகுமாறு வந்த நெருக்குதலுக்கு அவர் பணியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் தேதி நடந்த தேர்தலில் வெற்றி பெற்றார்.

நாடாளுமன்றத்தில் கூட்டுறவு இயக்கம், முதியோர் ஓய்வூதியம், சிறைச்சாலைச் சீர்திருத்தம் ஆகியவற்றுக்காக அவர் குரல் கொடுத்தார். நோவா ஸ்கோஷியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வறுமையை நேரில் சென்று கண்டார். தொலைதூரக் கிராமத்து விவசாயியும் தொழிலாளியும் ஒரே பொருளாதார அமைப்பினால்தான் நலிகின்றனர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவ்விரு தரப்பையும் ஒரே அணியில் சேர்ப்பதே அவரது அரசியலின் மையமாக இருந்தது.

அதற்கான வாய்ப்பு 1932இல் வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, சி.சி.எஃப். எனப்படும் கூட்டுறவு காமன்வெல்த் கூட்டமைப்பு அவ்வாண்டு உருவானது. மக்ஃபெய்லின் வற்புறுத்தலால் ஒன்டாரியோ விவசாயிகளின் மாநாடு அதனுடன் இணைய முடிவு செய்தது. மாகாணத்தில் அக்கட்சியின் தலைமைப் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

ஆயினும் அந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. நகரத் தொழிற்சங்கவாதிகள் சிலர் கம்யூனிஸ்டுகளுடன் நெருங்கிச் செல்கின்றனர் என்ற அச்சம் விவசாயிகளிடையே வலுத்தது. சொந்த நிலத்தை உயிரெனக் கருதிய அவர்களுக்குச் சோஷலிசம் என்ற சொல்லே ஐயத்தைத் தந்தது. 1934இல் விவசாயிகள் அமைப்பு கட்சியிலிருந்து விலகியது. தாம் அரும்பாடுபட்டு அமைத்த கட்சியா, தம்மை உருவாக்கிய கிராமமா என்ற நெருக்கடியில், மக்ஃபெய்லும் விவசாயிகளுடன் வெளியேறினார்.

1940 தேர்தலில் அதே கிராமப்புற மக்கள் அவரைத் தோற்கடித்தனர். 18 ஆண்டுகளுக்கும் மேலாக நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. விவசாயப் பிரச்சினைகள் குறித்துப் பத்திரிகையில் எழுதி வருவாய் ஈட்டினார்.

அதன் பின்னர் சி.சி.எஃப்.பிற்குத் திரும்பிய அவரை, 1943இல் டொராண்டோவின் யார்க் கிழக்குத் தொகுதி மாகாண சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்த அவைக்கு முதன்முதலாகத் தெரிவான இரு பெண்களில் அவரும் ஒருவர். 1945இல் தோற்று, 1948இல் மீண்டும் வென்றார். பெண்களுக்குச் சம ஊதியம் வழங்கும் ஒன்டாரியோவின் 1951ஆம் ஆண்டுச் சட்டம் அவரது தொடர்ந்த முயற்சியின் பலன்களில் ஒன்று.

1954 பிப்ரவரி 13ஆம் தேதி டொராண்டோவில் காலமான அவரது உடல், கிரே வட்டாரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

சி.சி.எஃப். 1961இல் புதிய ஜனநாயகக் கட்சியாக மாறியது. கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரான ராதிகா சிற்சபைஈசன், 2011இல் ஸ்காபரோவிலிருந்து அக்கட்சியின் சார்பிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாநாட்டுத் தீர்மானம் ஒன்றின் மூலம் விவசாயியையும் தொழிலாளியையும் ஒரே கட்சியில் சேர்க்க மக்ஃபெய்லால் முடிந்தது. அவர்களுக்கு இடையிலான அவநம்பிக்கையைப் போக்க அத்தீர்மானம் போதவில்லை. தொலைதூரக் கிராமங்களின் ஆதரவை நாடும் கட்சிகள் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் அதுவே.