அகத்திய மலை ஏறிய ஆராய்ச்சியாளர்

திருவனந்தபுரத்திற்குக் குடிவந்த தமிழர்களில், குழந்தைகளை மிருகக்காட்சிச்சாலைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லாதவர் அரிது. அதை உருவாக்க முன்னின்றவர் ஜான் ஆலன் பிரௌன். ஆனால் அவர் இந்நகருக்கு வந்தது அதற்காக அல்ல.

பிரௌன் 1817-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் என்ற ஊரில் பிறந்தார். பூமியின் காந்த சக்தியை ஆராய்வதில் இளமையிலேயே பெயர் பெற்றார். சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் பதவியை ஏற்று, 1852-ல் தம் 35-வது வயதில் இங்கு வந்து சேர்ந்தார்.

பூமியின் காந்த நடுக்கோட்டிற்கு அருகே அமைந்த ஊர் இது. இங்கு காந்த ஊசி நாளெல்லாம் சிறிது சிறிதாக அசைவதை அவர் கண்டார். உயரமான மலையிலும் ஊசி இவ்வாறே அசையுமா? காற்றின் அழுத்தம் அங்கே எப்படி மாறும்? இதை அறிய அவர் தேர்ந்தெடுத்தது, அகத்திய முனிவர் வாழ்வதாகத் தமிழர் போற்றும் பொதிகையின் சிகரத்தை! உயரம் 6,000 அடிக்கு மேல்.

அந்நாளில் அங்கே செல்லச் சாலை ஏது? யானை திரியும் அடர்ந்த காடு, வழுக்கும் பாறை, உச்சியிலோ உடலை நடுக்கும் குளிர்காற்று. வேலையாட்களை அங்கே தங்க வைப்பதே பெரும்பாடாயிற்று. ஆயினும் பிரௌன் பின்வாங்கவில்லை. நுட்பமான கருவிகள் மலையேறின. 1855-ல் சிகரத்தில் ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது. மலையிலும் நகரத்திலும் மணிக்கு மணி கணக்கெடுத்துக் குறிப்பேடுகளில் பதிந்தனர்.

காந்த சக்தியின் ஏற்றத்தாழ்வுகள் ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. உலகெங்கும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. சுமார் 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பும் ஒரு மாற்றம் சூரியனின் சுழற்சியோடு தொடர்புடையது என்பவை அவர் கண்ட உண்மைகளில் சில.

இடையே 1857-ல் அருங்காட்சியகமும், 1859-ல் மிருகக்காட்சிச்சாலையும் அவர் முயற்சியால் தோன்றின.

1865-ல் அவர் ஐரோப்பா திரும்பினார். மலைக்கூடம் நிலைக்கவில்லை. ஆனால் அவர் குறிப்பேடுகளைக் கைவிடவில்லை. தொகுத்த கணக்குகளின் முதல் நூல் 1874-ல் வெளிவந்தது. 1878-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் அளித்துப் பாராட்டியது. மறு ஆண்டே, எடுத்த பணி முழுதும் முடியுமுன் அவர் காலமானார்.

கட்டடம் அழிந்தாலும் கணக்கு அழியவில்லை. இன்று வனத்துறையின் அனுமதி பெற்று அகத்தியர்கூடம் ஏறும் அன்பர்கள், முனிவரை வணங்கும்போது, அங்கே குளிரில் ஊசியைக் கவனித்திருந்த அந்த அறிஞரையும் ஒரு கணம் நினைக்கலாம் அல்லவா?