ஊட்டி காய்கறிக்குப் பின்னால் ஒரு கலெக்டர்: யார் இந்த ஜான் சல்லிவன்?

ஜொகூரில் வீட்டுக்குப் பின்னால் வெண்டை போட்டால் காய்க்கும். கேரட் போட்டுப் பாருங்கள், இலைதான் தழைக்கும். கிழங்கு சரியாகத் திரளாது. அதற்குக் குளிர் வேண்டும். நமக்குக் கேமரன் மலை எப்படியோ, தமிழ்நாட்டுக்கு நீலகிரி அப்படி. அங்கே ஐரோப்பியக் காய்கறிகள் வேர்விட முக்கியக் காரணம் ஜான் சல்லிவன்.

யார் அவர்?

1788இல் லண்டனில் பிறந்தவர். 1815இல் கோயம்புத்தூர் கலெக்டரானார். 1819 ஜனவரியில் நீலகிரி ஏறினார். கீழே வெயில் கொளுத்த, மேலே இங்கிலாந்துக் குளிர். மனுஷர் அசந்துபோனார்! 1822இல் ஊட்டியில் கல் பங்களா ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அங்கே இன்று அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. உருளைக்கிழங்கு முதலான காய்கறிகளையும் பழ மரங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். அவற்றை ஊட்டிப் பக்கம் இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்பார்கள்.

குளிர் நல்லதுதானே?

ஓரளவுக்குத்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரையின் சூடு வேகமாக வெளியேறிவிடும். கனமான குளிர்காற்று பள்ளங்களில் தேங்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, செல்கள் சிதையும். பிறகு இலை கருகிவிடும். அதனால்தான் விவசாயிகள் வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறார்கள்.

அப்போ அந்த நிலம் யாருடையது?

கதையின் சிக்கலே இங்கேதான். அவர் வருவதற்கு முன்பே அங்கே தோடர்கள் எருமை மேய்த்தார்கள், படகர்கள் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். சல்லிவன் தோடர்களிடம் மிகக் குறைந்த விலைக்கு நிலம் வாங்கினார். ஆனால் மலை தோடர்களுக்கே சொந்தம் என்று கம்பெனி அரசிடம் வாதாடியவரும் அவரே. அரசு முழுசாக ஏற்கவில்லை. தோட்டங்கள் பெருகின, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. அவர் கேட்ட உரிமையைவிட, அவர் காட்டிய விவசாயம் வேகமாகப் பரவியது.

1838இல் மனைவியையும் மகளையும் இழந்தார். இருவரையும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். 1841இல் இங்கிலாந்து திரும்பி, 1855இல் அங்கேயே இறந்தார்.

அடுத்த முறை ஊட்டி போனால் காய்கறித் தோட்டங்களோடு நின்றுவிடாதீர்கள். தோடர்களின் மந்துகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. இந்தக் கதையின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது.