மாண்டிசோரி அம்மையார்

போர்ட்டிக்சனை அடுத்த சுவா வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர்கள் சில்லறைக் கடை வைத்திருந்த நாட்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் லயத்து வாசலிலும் நம் கடை வாசலிலும் திரியும். அரிசி மூட்டையில் கை விடும், படிக்கல்லை உருட்டும், வெள்ளையடித்த சுவரில் கரியால் கிறுக்கும். நாம் அதட்டி விரட்டுவோம். கடையின் பின்கட்டில் வளர்ந்த நம் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதே அதட்டல்தான். இதே போன்றதொரு தொல்லையிலிருந்துதான் ரோமாபுரியில் ஓர் அம்மையார் உலகம் மதிக்கும் கல்விமுறை ஒன்றைக் கண்டார். அவர் நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். அவருடைய வரலாற்றை நம் வாசக சகோதரர்களுக்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி தேசத்தில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். பெண்கள் வைத்தியப் படிப்புக்குப் போவது அரிதாயிருந்த அக்காலத்தில் பல தடைகளைக் கடந்து 1896-ல் ரோம் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்குள்ள மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பைத்தியக்காரர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்று அவருக்குத் தோன்றியது. இட்டார், செகேன் என்ற பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களை ஆராய்ந்து, கையால் தொட்டு அறியும் கருவிகள் செய்து பயிற்றினார். அப்பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரார் வியந்தார்கள். அம்மையாரோ, நல்ல அறிவுள்ள பிள்ளைகள் ஏன் இதற்கு மேல் போகவில்லை என்று சிந்தித்தார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பு 1907-ல் வந்தது. ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் ஒரு கட்டடக் கம்பெனி பழைய வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டிருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவர்களையும் பாழாக்கின. ஒவ்வொரு முறையும் வெள்ளையடிப்பதைவிட ஓர் அறையில் பிள்ளைகளை வைத்துக் கவனிப்பது செலவு குறைவு என்று கம்பெனியார் கணக்குப் போட்டார்கள். வியாபாரக் கணக்குதான், அதில் நாம் குறை காணவில்லை. ஜனவரி 6-ஆம் நாள் ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளோடு அந்த அறை திறக்கப்பட்டது. பொறுப்பேற்ற அம்மையார் முதலில் செய்த காரியம், கட்டளை இடாமல் உட்கார்ந்து கவனித்தது.

அவர் கண்டவை சில. ஏறக்குறைய மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மரக்கட்டைகளை உரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தார். நாற்காலியோடு குழந்தையைத் தூக்கி மேசை மேல் வைத்துப் பார்த்தார். அது நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு முறை செய்து முடித்து, தூங்கி எழுந்ததுபோல் தெளிந்த முகத்தோடு எழுந்தது. நாம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது என்று சொல்லும் வயதுதான் அது.

மற்றொரு நாள், கைக்குட்டையால் ஓசையில்லாமல் மூக்கைச் சிந்துவது எப்படி என்று மெதுவாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். அவை கைதட்டி ஆரவாரம் செய்தன. ஒழுகும் மூக்குக்காக நாள்தோறும் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் அவை. எப்படித் துடைப்பது என்று அவமானப்படுத்தாமல் கற்றுக் கொடுத்தவர் அதுவரை எவருமில்லை. கடையில் எத்தனையோ முறை ஏசியிருக்கிறோமே தவிர, ஒரு முறையேனும் செய்து காட்டினோமா என்று இதைப் படித்தபோது நமக்கு உறைத்தது.

பிடிவாதம் என்று நாம் அடிக்கும் அழுகையைப் பற்றியும் அவர் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஒரு தாய் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நடந்து போகையில், வெக்கை தாளாமல் மேலங்கியைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. யார் தேற்றியும் அடங்கவில்லை. அம்மையார் அங்கியை மறுபடி அணியச் சொன்னார். அழுகை உடனே நின்றது. பொருள்கள் அவ்வவற்றின் இடத்தில் இருப்பதே அந்த வயதுக்கு உலகம். இடம் மாறினால் பிள்ளைக்கு உலகமே குலைந்துபோகிறது; அதைச் சொல்ல அதற்கு வார்த்தை இல்லை.

பிறந்தது முதல் ஆறு வயது வரை ஒரு பருவம், ஆறு முதல் பன்னிரண்டு வரை வேறொன்று, பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை இன்னொன்று என்று அவர் பகுத்தார். முதற்பருவத்தில் பிள்ளை சுற்றியிருப்பதை எல்லாம் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. அதற்கு வேண்டியது விளையாட்டுச் சாமானைவிட, அதன் கைக்கடங்கிய உண்மையான வேலை. படிக்கல்லை உருட்டும் பிள்ளையை விரட்டாமல், சிறு கிண்ணத்தில் பயறு அளக்கக் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடும். இரண்டாம் பருவத்தில் நியாயம் எது, அநியாயம் எது என்று ஆராயத் தொடங்குகிறது. அண்ணன் மிட்டாய் ஜாடியில் கை வைத்தான் என்று ஓடி வந்து சொல்லும் பிள்ளையைக் கோள்மூட்டி என்று நாம் திட்டுகிறோம். அண்ணனுக்கு அடி வாங்கிக் கொடுப்பது அதன் நோக்கமன்று; அப்படிச் செய்வது சரியா, தவறா என்றே அது கேட்கிறது என்பார் அம்மையார். விடை சொல்லி அனுப்பினால் போதும். மூன்றாம் பருவத்தினர் நாட்டுப்புறத்தில் தங்கி, பயிர் செய்து, விளைந்ததைச் சொந்தக் கடையில் விற்று உலகத்தைக் கற்க வேண்டும் என்றார். கடை என்றதும் நம் வாசகர்கள் மகிழ்வார்கள். ஆனால் சம்பளமில்லாத ஆளாகப் பிள்ளையை வைத்துக்கொள்ள அம்மையாரைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

இவை நமக்கு முற்றும் புதியவை அல்ல. பிள்ளை ஒரு முறை தவறினால் கண்டும் காணாததுபோல் விடுதல், எந்நேரமும் கண்டித்துச் சொல்லின் மதிப்பைக் கெடுக்காதிருத்தல், ஓதி முடிந்தபின் விளையாட விடுதல் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்கள்.

இனி, அம்மையாரின் வாழ்வில் ஒரு துயரம். அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. மணவாழ்வு கைகூடாத நிலையில் 1898-ல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். அக்கால வழக்கத்துக்கு அஞ்சி, குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளரவிட்டார். எப்போதாவது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஊரார் பிள்ளைகளை அணு அணுவாகக் கவனித்தவருக்குத் தம் பிள்ளையின் முதலிரண்டு பருவங்களும் கைக்கு எட்டவில்லை. 1913-ல்தான், பதினைந்து வயதளவில், மகன் அவரோடு வந்து சேர்ந்தான்.

சபராளிகளாகிய நம் முன்னோர்களுக்கு இந்த வலி தெரியும். பிழைப்பு மலாயாவில், பிள்ளை இராமநாதபுரத்துச் சீமையில். மூன்று ஆண்டுக்கொரு முறை பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தால், அத்தா என்று காட்டப்படும் ஆளைக் கண்டு பிள்ளை உம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். இருக்கும் சில மாதத்தில் பிள்ளையைத் திருத்திவிட வேண்டுமென்று கையை ஓங்கியவர்களும் உண்டு. பிள்ளை பழகிவரும் நேரத்தில் கப்பல் வந்துவிடும்.

முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறிய அம்மையார், 1939 நவம்பரில் மரியோவோடு சென்னை வந்தார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். ஓலைக் கொட்டகையில் முந்நூறு பேர் அளவில் ஆசிரியப் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், இருவரும் எதிரி நாட்டார் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாற்று எல்லையைத் தாண்டக் கூடாதென்று உத்தரவு. ஆகஸ்டு 31-ல் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தபோது வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்து, பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அதுவரை உறவினர் என்றே வெளியில் அறியப்பட்ட மரியோ, அந்தச் செய்தியில் மகன் என்று குறிக்கப்பட்டார்.

யுத்தகாலத்தில் கொடைக்கானலில் தங்கி மலைச்செடிகளையும் பூச்சிகளையும் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் வகுத்தார். அகமதாபாத், கராச்சி, கொழும்பு முதலிய நகரங்களிலும் பயிற்சி நடத்தினார். இந்நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிப் பெருங்கட்டணம் வாங்கும் பாலர் பள்ளிகள் பல ஊர்களில் இருக்கின்றன. கூலிக்காரர் பிள்ளைகளிடம் கற்ற பாடம் அவர்களுக்கே எட்டாத விலைக்குப் போனது நமக்கு வருத்தமே. ஆனால் பயறும் கிண்ணமும் நம் கடையிலேயே உண்டு.

யுத்தம் முடிந்து ஐரோப்பா திரும்பிய அம்மையார், 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து தேசத்து நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். வயது எண்பத்தொன்று. ஆப்பிரிக்காவில் தங்கக்கரை நாட்டுக்குப் போய் அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது பற்றி அன்றுகூட மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.